இரண்டு அடுப்புக்கு ஒரே வரி

எங்கள் வீட்டுப் புதன்கிழமை எப்படி இருக்கும் என்று நான்கு வருடமாக எனக்குத் தெரியாமல் இருந்தது. சனியும் ஞாயிறும் தெரியும். சனிக்கிழமை மனைவி தேங்காய்ப்பால் விட்டு மீன்குழம்பு வைப்பாள், மகளுக்குத் தலைக்கு ஊற்றுவாள், ஞாயிறு பின்னேரம் என் சட்டைகளை அயர்ன் பண்ணுவாள். ஆனால் வாரத்தின் நடுவில், விருந்தாளி யாரும் இல்லாத ஒரு நாளில், அந்த வீடு என்ன செய்கிறது? தொலைபேசியில் கேட்டால், "ஒண்ணும் விசேஷமில்லங்க" என்பாள். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுமில்லாததுதான்.

விருந்தாளி என்று நான் சொன்னது என்னைத்தான்.

வீடு கண்டி மஹய்யாவையில். வேலை கொழும்பில், கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பனியில். அங்கே எல்லோருக்கும் சம்பளப் பட்டியல் போடுகிறவன் நான். அடிப்படைச் சம்பளம், படிகள், சேமலாப நிதி, வரி என்று ஒவ்வொருவருக்கும் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் என் பெயருக்கும் வருவேன். ஊரில் எல்லோருக்கும் வரியை வெட்டுகிறவன் யாரோ ஒருவன். எனக்கு வெட்டுகிறவன் நானே. மாதக் கடைசியில் என்னோடு யாரும் சிரித்துப் பேச மாட்டார்கள், நான் உட்பட.

பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருடத்தில்தான் இதெல்லாம் தொடங்கியது. கண்டியில் நான் வேலை செய்த இடத்தில் சம்பளத்தைப் பாதியாக்கினார்கள். வீட்டுக் கூரைக்கு கொங்கிரீட் சிலாப் போட எடுத்த கடன் பாதியாகவில்லை. மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள். கொழும்புக் கம்பனி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சம்பளம் சொன்னது. யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். யோசிக்க எவ்வளவு இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் மூன்று மாதம் தினமும் போய்வந்தேன். கண்டி ஸ்டேஷனில் விடியாத நேரத்துக் கோச்சியில் ஏறினால் வேலை நேரத்துக்குக் கொழும்பு. திரும்பி வரும்போது வீடு தூங்கியிருக்கும். "நீங்க வந்து போறது பூனை வந்து போற மாதிரி இருக்கு. பால் குடிச்ச கப்ப பாத்துத்தான் வந்தது தெரியுது" என்றாள் மனைவி. ஒரு நாள் விடிகாலையில் இருட்டில் நான் வேலைக்குப் போடும் சப்பாத்தைத் தேடியதில் மகள் விழித்துக்கொண்டாள். என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பேராதெனிய தாண்டும் வரை நான் சப்பாத்து நாடாவைக் கட்டவில்லை. தூங்குகிற பிள்ளையைத் தினமும் பார்ப்பதைவிட, விழித்திருக்கிற பிள்ளையை வாரத்தில் இரண்டு நாள் பார்ப்பது மேல் என்று முடிவெடுத்து, மருதானைக்குப் பக்கத்தில் ஒரு போடிங் பிடித்தேன். ஓர் அறை, மூன்று பேர், ஒரு மின்விசிறி. சமைக்கக் கூடாது என்பது வீட்டுக்கார அம்மாவின் சட்டம். மூன்று வேளையும் பார்சல் சாப்பாடு.

அன்று முதல் திங்கள் காலை கண்டியிலிருந்து இறங்குவதும் வெள்ளி இரவு ஏறி வருவதுமாக வாழ்க்கை ஆனது. எங்கள் பெட்டியில் திங்கட்கிழமைக்காரர்கள் என்றே ஒரு கூட்டம் உண்டு. முதலில் வருகிறவர் மற்றவர்களுக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பார். யாராவது ஒருவர் அவித்த கடலை கொண்டுவருவார். கடுகண்ணாவ வரை எல்லோரும் தூங்குவோம். மலை இறங்கத் தொடங்கியதும் விழித்துக் கணக்குப் பார்க்கத் தொடங்குவோம். அதில் என் பக்கத்து இருக்கை தெல்தெனியக்காரர் ஒருவருடையது. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல "நானா" என்றுதான் கூப்பிடுவேன். கொழும்பில் ஒரு புடவை மொத்தக் கடையில் கணக்கு எழுதினார். ஞாயிறு இரவே கண்டிக்கு வந்து தங்கை வீட்டில் படுத்துவிட்டு, என்னோடு கோச்சி ஏறுவார்.

என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. ஒரு பக்கத்தில் கொழும்பு, மறு பக்கத்தில் கண்டி. கொழும்புச் சம்பளத்திலிருந்து வரி, போடிங், பார்சல், சீசன் டிக்கெட், கோச்சி ஓடாத வெள்ளிக்கிழமைகளின் பஸ் காசு எல்லாவற்றையும் கழிப்பேன். கண்டிப் பக்கத்தில் எனக்கு அங்கே கிடைக்கக்கூடிய சிறிய சம்பளம். அதில் வரி இல்லை, வாடகை இல்லை, மதியச் சோறு வீட்டுச் சோறு. கண்டியிலிருந்து கொழும்புக்குள் நான்கு மாகாணங்களில் கோச்சி கால்வைத்துப் போகிறது. ஒவ்வொரு மாகாணத்திலும் தேங்காய்க்கு ஒரு விலை, அறைக்கு ஒரு விலை. வரிக்கு மட்டும் மாகாணம் கிடையாது. ஒரே வீட்டில் இருக்கிறவனுக்கும் இரண்டு இடத்தில் அடுப்பெரிய வைக்கிறவனுக்கும் ஒரே வெட்டுத்தான். பிரயாணப் படி என்று கம்பனி கொடுத்ததும் வருமானமாம். அதற்கும் வரி. வீட்டை விட்டுப் போவதற்குக் கொடுக்கிற காசு எப்படி வருமானமாகும் என்று ஒரு திங்கட்கிழமை பெட்டி முழுவதும் கேட்கக் கத்தினேன்.

"தம்பி, ஒங்களுக்கு எத்தன தரம் சொல்ற?" என்றார் நானா. "கணக்குப் பாக்க வாணாம். பாத்தா பொறகு கோச்சில ஏற மனசு வராது."

நான் கேட்கவில்லை. கணக்குப் பார்க்கிறவன் கணக்கில் தோற்க மாட்டான் என்ற திமிர் எனக்கு இருந்தது.

அந்தத் திமிரில்தான் அந்தக் காரியத்தையும் செய்தேன். குடும்பத்தோடு கொழும்புக்கு வந்துவிட்டால் என்ன என்று இடையில் ஒரு யோசனை ஓடியது. மருதானைப் பக்கம் ஒரு வீட்டோடு ஒட்டிய சின்ன அனெக்ஸ் ஒன்று பார்த்தும் வைத்தேன். மகளுக்கு ஐந்து வயதாகும்போது பாடசாலை வேண்டும். முதலாம் வகுப்புக்கு இடம் கேட்டால், தாயும் தகப்பனும் அந்தப் பகுதி வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள். ஊரிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போகிற எங்களைப் போன்றவர்கள் இதை விரல் நுனியில் வைத்திருப்போம். ஆகவே போடிங் வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்சி, என் வாக்கை மட்டும் கொழும்புக்கு மாற்றினேன். மனைவியுடையது மஹய்யாவையிலேயே இருக்கட்டும், எதற்கும் இரண்டு பக்கமும் ஒரு பிடி இருக்கும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

பிறகு வரியைக் கூட்டினார்கள். வரியும் மருதானை வாடகையும் அனெக்ஸ்காரர் கேட்ட முற்பணமும் சேர்ந்து அந்த யோசனையைக் கொன்றன. என் பெயரைத் திரும்பக் கண்டிக்குக் கொண்டுவர இரண்டு இடத்திலும் கிராம சேவகர்களைத் தேடி அலைந்தேன். ஒரு வழியாக வந்தது. ஆனால் இரண்டு வருடம் நான் மஹய்யாவை இடாப்பில் இல்லை. அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை.

ஒரு வருடம் நல்ல சம்பள உயர்வு வந்தது. சந்தோஷத்தில் கோட்டைப் பக்கம் ஒரு கேக் வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்தேன். கூடிய பணம் வரியின் அடுத்த படியில் போய் ஏறியிருந்ததை நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமலேயே மனைவி கொப்பியை எடுத்துப் பார்த்தாள். அவள் அம்பிட்டியவில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வேலை செய்கிறவள், கணக்கில் என்னைவிட வேகம்.

"கேக்குக்கு எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப இந்த மாசம் கூடினது கேக்கோட சரி" என்று சிரித்தாள். பிறகு கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "எல்லாம் எழுதியிருக்கீங்க. இதுல நாங்க எங்கங்க இருக்கோம்?" என்றாள். கோபத்தோடு கேட்கவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. உங்களுக்காகத்தானே இவ்வளவும் என்று எல்லா ஆண்களும் சொல்லும் அந்த வசனத்தைச் சொன்னேன். மகள் கேக் முகத்தோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில மாதங்களில் நானா கோச்சியை விட்டார். கண்டி நகரத்தில் அவருடைய மச்சான் இரும்புச் சாமான் மொத்தக் கடை நடத்தினார், அங்கே சேர்ந்துகொண்டார். சேர்ந்த வாரத்திலேயே எனக்கு அழைப்பு எடுத்தார். "தம்பி, கணக்கு எழுத இன்னொரு ஆள் தேவப்படுது. சம்பளம் கொழும்பு மாதிரி குடுக்க ஏலாது. ஆனா அஞ்சரைக்கு வீட்டுல டீ குடிக்கலாம். வாங்களேன்."

ஒரு வாரம் தவணை கேட்டேன். கொப்பியில் இரண்டு பக்கத்தையும் சரியாகக் கூட்டினேன். எல்லாம் போகக் கொழும்பில் மிஞ்சியது, சிலாப் கடனின் மாதத் தவணைக்குக் கொஞ்சம் மேலே. இவ்வளவு கொஞ்சமா என்று திகைத்தேன். ஆனால் கொஞ்சமாவது மிஞ்சுகிறதே என்று அந்தக் கொஞ்சத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு வருடம், கடன் முடியட்டும் நானா என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு போடிங்கில் படுக்கையில் கிடந்தபோது அஞ்சரை மணித் தேநீரின் வாசம் எனக்கு உண்மையாகவே வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்தேன்.

மகளுக்குப் பாடசாலை கேட்கும் காலம் வந்தது. வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் நல்ல தமிழ்ப் பாடசாலை. நேர்முகத்துக்கு வீட்டு உறுதிப்பத்திரம், தண்ணீர் பில், கரண்ட் பில், கிராம சேவகர் கடிதம் எல்லாவற்றையும் கோப்பில் அடுக்கிக்கொண்டு போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆசிரியை இடாப்புப் பிரதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் பேனாவை வைத்தார். "ரெண்டு வருஷம் அப்பாட பேரு இல்லையே?" நான் கொழும்புக் கதையைச் சொன்னேன். அவர் கடுமையாகப் பேசவில்லை. புள்ளி விளிம்பில் நிற்கிறது என்றார். வீட்டைப் பார்க்க ஒரு குழு வரும், குடும்பம் அங்கேதான் இருக்கிறது என்று அவர்களுக்குத் திருப்தியாக இருந்தால் பார்க்கலாம் என்றார். எப்போது வருவார்கள் என்று சொல்ல மாட்டார்களாம்.

வெளியே வந்ததும் நானாவுக்கு அழைப்பு எடுத்தேன். அந்த இடத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே ஆள் எடுத்துவிட்டார்கள். "நீங்க அப்பவே வந்திருக்கலாந்தானே தம்பி" என்றார். அவர் குரலில் என்னைவிட அதிகக் கவலை இருந்தது.

மிச்சமிருந்த லீவு முழுவதையும் போட்டேன். குழு வரும்போது தகப்பன் வீட்டில் நிற்க வேண்டும், வேறு வழியில்லை. ஏன் வேலைக்குப் போகவில்லை என்று மகள் கேட்டபோது, "ஸ்கூல் மிஸ் நம்ம வீட்டப் பாக்க வருவாங்க. அவங்க வர்ற வரைக்கும் அப்பா எங்கயும் போக மாட்டேன்" என்று அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் அதைச் சரியாகக் கேட்டுக்கொண்டாள்.

அந்த நாட்களைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் எழுத ஒன்றுமில்லை. காலை ஏழு மணிக்கு மனைவி அம்பிட்டிய பஸ்ஸுக்கு ஓடுவாள். மேல் வீட்டிலிருக்கும் அவளுடைய அக்கா, எட்டிப் பார்த்து, "என்ன, இன்னைக்கும் நீங்கதான் சோறாக்குறதா?" என்று கேலி செய்வார். மற்ற நாட்களில் மகளைப் பார்த்துக்கொள்வது அந்தப் பெரியம்மாதான். மகளும் நானும் பருப்புக் கழுவுவோம். பத்து மணிக்கு அவள் கதிரையைத் திருப்பிப் போட்டு பஸ் ஓட்டுவாள். நான் பயணி. கட்டுகஸ்தோட்டை போகுமா என்று கேட்டால், "ஏறுங்க ஏறுங்க, இடமிருக்கு" என்பாள். மதியம் மழை வரும்போது, எந்த ஜன்னலை முதலில் சாத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. நான்கு மணிக்கு எதிர்ச் சுவரில் ஒரு துண்டு வெயில் விழும். அதில் அவள் கை நிழலால் நாய் செய்வாள். இதையெல்லாம் அவள் தினமும் செய்திருக்கிறாள். நான் கொழும்பில் யாரோ ஒருவருடைய வரியைக் கழித்துக்கொண்டிருந்த அத்தனை நாட்களிலும் இது இங்கே நடந்துகொண்டிருந்திருக்கிறது. மனைவி வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது நான் உள்ளேயிருந்து வாசலுக்கு வருவது அவளுக்கு முதல் நாள் வேடிக்கையாக இருந்தது. மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றும் முன்பே உள்ளே பார்த்து, "இருக்கீங்களா?" என்று கூப்பிட்டாள். இருக்கிறேன் என்று சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

தினமும் படுக்கப் போகுமுன் மகள் ஒரு கேள்வி கேட்பாள். "இன்னைக்கு மிஸ் வரலதானே?"

"வரல."

"நாளைக்கும் வர மாட்டாங்க" என்று தலையணையைக் கட்டிக்கொள்வாள். அவளுக்குப் பாடசாலை என்றால் பயம் போலிருக்கிறது என்று நான் மனைவியிடம் சொன்னேன்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை. நான் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மகள் முன்படியில் விளையாடினாள். திடீரென்று மேலிருந்து பெரியம்மாவின் சத்தம். "தம்பி! ஸ்கூல்காரங்க வந்துட்டுப் போறாங்க! பாப்பா திருப்பி அனுப்பிட்டா!"

ஈரக் கையோடு முன்னால் ஓடினேன். மகள் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். "யார் வந்தாங்க?"

"ஒருத்தரும் வரல."

பெரியம்மா ஜன்னலிலிருந்து முழுவதையும் பார்த்திருந்தார். ஓர் ஆசிரியையும் இரண்டு ஆண்களும் கையில் கடதாசியோடு படியேறி வந்து, என் பெயரைச் சொல்லி இந்த வீடுதானே என்று கேட்டிருக்கிறார்கள். "இல்ல" என்றிருக்கிறாள் என் மகள். "அவங்க இங்க இல்ல. அவங்க கொழும்புல." அப்பா எப்போது வருவார் என்று கேட்டதற்கு, "அவரு இங்க வர்றதே இல்ல" என்று கதவைச் சாத்தியிருக்கிறாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு இரவும் அவள் எதற்குப் பயந்தாள் என்பதும் விளங்கியது. அவள் முன்னால் குந்தி, "ஏன் பாப்பா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அவங்க வந்தா நீங்க போயிருவீங்க."

அந்த நேரத்தில் நான் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இன்றுவரை அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. போகட்டும் என்று அவளை மடியில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் பாடசாலை போய்விட்டால் நான்கு வருடத்துப் பிரிவுக்கு என்ன பொருள்? எழுந்தேன். "அப்பா, வேணாம்பா" என்று நான் உடுத்திருந்த சாரத்தைப் பிடித்தாள். அவள் விரல்களைக் கழற்றிவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினேன். பிரதான வீதியில் அவர்கள் ஆட்டோவில் ஏறப்போகிற நேரத்தில் போய்ப் பிடித்தேன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. ஆட்டோக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, "வாங்க, போவோம்" என்று எனக்கு முன்னால் படியேறினார்.

வீட்டைப் பார்த்தார்கள். அலுமாரியில் என் உடுப்பு, சுவரில் எங்கள் படம், பில்கள், பெரியம்மாவின் வாக்குமூலம் எல்லாம் பார்த்தார்கள். பதினைந்து நிமிடம். ஆசிரியை கடதாசியில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு எங்களுக்கு நம்பிக்கை. பிள்ளைக்கு இடம் கிடைக்கும், யோசிக்காதீங்க" என்றார். கிடைத்தது. இப்போது அவள் அங்கேதான் படிக்கிறாள்.

அவர்களைப் படியிறக்கி அனுப்பிவிட்டு, பெரியம்மாவிடமும் சொல்லிவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினேன். மகளை அறையில் காணவில்லை. சமையலறையிலும் இல்லை. "பாப்பா" என்று கூப்பிட்டேன். அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன், அழவில்லை. என் பிரயாணப் பையை இரண்டு கையாலும் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். சிப் மூடாமல் கிடந்தது. உள்ளே என் சட்டைகளைச் சுருட்டி வைத்திருந்தாள். துவாய், சீப்பு, ஷேவ் பண்ணுகிற சாமான் எல்லாம் இருந்தன. ஒன்றும் விடுபடவில்லை.

"அப்பா இன்னைக்குப் போகலம்மா" என்றேன்.

"அவங்க வந்துட்டாங்கதானே" என்றாள்.

அவள் பையை என் கால் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து, பிடியை மேலே தூக்கிக் காட்டினாள்.

"பாரமா இருக்குப்பா. புடிங்க."